லேபிளில் ‘ஆர்கானிக்’ என்றால் எந்தப் படி வரைக்கும்?

புதுச்சட்டை | பிப்ரவரி 3, காலை 9:12

இரண்டு டி-சர்ட். ஒன்றில் ‘100% ஆர்கானிக் பருத்தி’. இன்னொன்றில் ‘மறுசுழற்சி பாலியஸ்டர் 60%, பருத்தி 40%’. இரண்டிலும் ஒரு பச்சை இலை. என் கட்சி இதுதான்: குப்பைக்குப் போகும் பிளாஸ்டிக் பாட்டிலைத் துணியாக்குவதே மேல். ஆர்கானிக் என்பது விலையேற்றும் வேலை. இல்லையென்றால் காரணத்தோடு மறுக்கவும். ‘குறைவாக வாங்கு’ என்ற உபதேசம் வேண்டாம், அது ஏற்கெனவே வீட்டில் கிடைக்கிறது.

சாயத்தொட்டி | பிப்ரவரி 3, காலை 11:40

இரண்டு லேபிளும் சொல்வது நார் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும். நூற்பு, பின்னல், சாயம், தையல் எதுவும் அந்த இலைக்குள் அடங்காது. இலையை விடுங்கள், பக்கத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள்.

ஓசிஎஸ் (ஆர்கானிக் கன்டென்ட் ஸ்டாண்டர்ட்) என்று இருந்தால்: ஆர்கானிக் நார் இத்தனை சதவீதம் உள்ளே இருக்கிறது, பண்ணையிலிருந்து கடைசி வரை அதன் கணக்கு தொடர்ந்து வந்திருக்கிறது. அவ்வளவே. என்ன சாயம், என்ன கூலி என்று அது கேட்பதில்லை. ‘பிளெண்டட்’ வகையில் வெறும் 5% ஆர்கானிக் இருந்தாலும் முத்திரை கிடைக்கும்.

ஜிஓடிஎஸ் (குளோபல் ஆர்கானிக் டெக்ஸ்டைல் ஸ்டாண்டர்ட்) என்று இருந்தால்: ‘ஆர்கானிக்’ தரத்துக்குக் குறைந்தது 95%, ‘மேட் வித் ஆர்கானிக்’ தரத்துக்குக் குறைந்தது 70%. இதில் சாயம், துணை ரசாயனம், கழிவுநீர், தொழிலாளர் நிலை எல்லாவற்றுக்கும் விதி உண்டு. சின்னத்தோடு தர வகையும், சான்றளித்த நிறுவனத்தின் பெயரும், உரிம எண்ணும் இருக்க வேண்டும். எண் இல்லாத சின்னத்தை எம்பிராய்டரி என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 வேறு சங்கதி. முடிந்த பொருளில் உடலுக்குக் கெடுதலான பொருள் வரம்புக்குள் இருக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்த சான்று அது. போடுகிறவர் தோலுக்கு உத்தரவாதம். சாயக் கழிவு போய்ச் சேரும் ஆற்றுக்கு அல்ல.

சாயத்தொட்டி | பிப்ரவரி 3, மதியம் 12:05

மேலே விட்டது: பெட்டர் காட்டன் என்ற பருத்திச் சான்றுத் திட்டம். இது பெரும்பாலும் ‘மாஸ் பேலன்ஸ்’ கணக்கில் ஓடுவது. நிறுவனம் 10 டன்னுக்கு வரவு வாங்கியிருக்கும், உங்கள் சட்டையில் இருக்கும் பஞ்சு வேறு வயலிலிருந்து வந்திருக்கலாம். பொருளையே தொடர்ந்து காட்டும் முறை 2023-இல்தான் சேர்ந்தது. மோசடி என்று சொல்லவில்லை, அந்த ஏற்பாடே அப்படி. ஆனால் ‘இந்தச் சட்டையில் நல்ல பருத்தி’ என்று அதை வைத்துச் சொன்னால் தப்பு.

புதுச்சட்டை | பிப்ரவரி 3, இரவு 8:30

சரி ஐயா, பாட்டில்?

சாயத்தொட்டி | பிப்ரவரி 4, காலை 10:15

பாட்டில் விஷயத்தில் உங்கள் கட்சிக்குப் பாதி நியாயம் உண்டு. பாட்டிலைக் கழுவி, செதிலாக நொறுக்கி, உலர்த்தி, 260 டிகிரிக்கு மேல் உருக்கி, நுண்துளை வழியே இழையாக இழுக்கிறார்கள். எண்ணெயிலிருந்து புதிதாகச் செய்வதைவிட ஆற்றல் குறைவு. ஒவ்வொரு உருக்கலிலும் மூலக்கூறுச் சங்கிலி அறுந்து பாகுத்தன்மை இறங்கும். பாட்டில் பிளாஸ்டிக் இழைக்கு வேண்டியதைவிட உயர்ந்த பாகுத்தன்மையில் இருப்பதால், இறங்கி வந்தாலும் இழைக்குச் சரியாக அமைகிறது. செதிலைச் சரியாக உலர்த்தாமல் உருக்கினால் ஈரமே சங்கிலியை அறுக்கும், இழை இழுக்கும்போதே பட் பட்டென்று தெறிக்கும்.

மறுபாதி: பாட்டில் திரும்பப் பாட்டிலாகப் பல சுற்று வரலாம். சட்டையானால் அநேகமாக அதோடு சரி. அதிலும் உங்கள் 60/40 கலப்பு மறுசுழற்சிக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். சாயப்பட்டறைக்கும்தான்: பாலியஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம், 130 டிகிரி, அழுத்தக் கலனில். பிறகு ஒட்டாத சாயத்தை ஹைட்ரோசல்ஃபைட் போட்டுக் கழுவ வேண்டும். அப்புறம் பருத்திக்கு ரியாக்டிவ் சாயம், 60 டிகிரி, தனிக் குளியல். ஒரே துணிக்கு இரண்டு முறை சூடு, இரண்டு முறை தண்ணீர். சட்டைக்காரர் லேபிளில் ‘மறுசுழற்சி’ என்று மட்டும் எழுதுவார், இதை எழுத மாட்டார்.

சின்னம் பார்ப்பவர்களுக்கு: ஆர்சிஎஸ் (ரீசைக்கிள்ட் கிளெய்ம் ஸ்டாண்டர்ட்) என்றால் 5% மறுசுழற்சி நார் போதும், வெறும் அளவுக் கணக்கு. ஜிஆர்எஸ் (குளோபல் ரீசைக்கிள்ட் ஸ்டாண்டர்ட்) சான்றுக்கு 20%, பொருளில் சின்னம் போடக் குறைந்தது 50%. ஜிஆர்எஸ்ஸில் ரசாயனமும் தொழிலாளர் நிலையும் சேர்ந்து வரும்.

சாயத்தொட்டி | பிப்ரவரி 5, காலை 7:50

உப்புக் கணக்கு யாரும் கேட்கவில்லை, ஆனாலும் போடுகிறேன். துணி விஷயத்தில் பெரிய தீங்கு வயலில் நடக்கிறது என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். துணியை நனைத்து வெளுத்துச் சாயமேற்றும் இடத்தைப் பார்ப்பதில்லை.

பருத்தி தண்ணீரில் எதிர்மின் ஏற்றம் கொள்ளும். ரியாக்டிவ் சாயமும் எதிர்மின்தான். ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை அமுக்கத்தான் உப்பு. சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ எதுவானாலும் சரி. உப்பு துணியில் தங்குவதில்லை, வேலையை முடித்துவிட்டு முழுவதும் சாக்கடைக்குப் போகிறது.

அடர் நிறம், துணிக்கும் தண்ணீருக்கும் விகிதம் 1:8, லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 கிலோ துணிக்கு 8 லிட்டர், ஆக 480 கிராம் உப்பு. சாயத்தை நாரோடு பிணைக்க வைக்கும் காரமான சோடா சாம்பல் லிட்டருக்கு 15 கிராம் என்றால் 120 கிராம். 200 கிராம் எடையுள்ள ஒரு கறுப்பு டி-சர்ட்டுக்கு 96 கிராம் உப்பு, 24 கிராம் சோடா. வெளிர் நிறமானால் லிட்டருக்கு 20 கிராம் உப்பு போதும்: அதே சட்டைக்கு 32 கிராம்.

சாயமும் முழுதாக ஒட்டாது. 60 முதல் 80% வரை நாரோடு பிணையும், மிச்சம் தண்ணீரோடு வினைபுரிந்து செத்துப்போகும். செத்த சாயத்தைத் துணியிலிருந்து எடுக்கத்தான் கொதிநிலைக்கு அருகில் சோப்புக் குளியலும் அதற்குப் பின் அலசலும். மொத்தத் தண்ணீரில் சாயமேற்றும் குளியலைவிட இந்த அலசல்களே அதிகம் குடிக்கும்.

உயிரியல் சுத்திகரிப்பில் பாக்டீரியா கரிமப் பொருளைத் தின்னும், உப்பைத் தொடாது. உப்பைப் பிரிக்க ஆர்ஓ, ஆர்ஓ கழித்த செறிவுநீரை ஆவியாக்க எவாப்பரேட்டர், கடைசியில் கலப்பு உப்பும் சேறும். தண்ணீர் வெளியே போகாத இந்த ஏற்பாட்டைத் திருப்பூர்ச் சாய ஆலைகளுக்குக் கட்டாயமாக்கும் வழக்கில்தான் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆலைகளை மூடச் சொன்னது. ஆறு தப்பிக்கிறது. ஆவியாக்கியை ஓட்ட விறகோ கரியோ எரிகிறது. அந்தப் புகை எந்த லேபிளிலும் ஏறாது.

நெசவுக்காரி | பிப்ரவரி 5, காலை 9:02

ஆர்கானிக் துணிக்கும் இதே உப்பா, சார்?

சாயத்தொட்டி | பிப்ரவரி 5, காலை 9:20

இதே உப்புதான் அம்மா. நார் வளர்ந்த விதம் மாறினாலும் செல்லுலோஸ் செல்லுலோஸ்தான்.

உப்பைக் குறைக்க வழி இருக்கிறது. குளிர் பேட்-பேட்ச்: சாயத்தையும் காரத்தையும் ஒன்றாகத் துணியில் பிழிந்து ஏற்றி, சுருட்டி, பிளாஸ்டிக் தாளால் மூடி, அறை வெப்பத்தில் 12 முதல் 24 மணிநேரம் மெல்லச் சுழல விட்டு, பிறகு அலசுவது. உப்பு கிட்டத்தட்ட வேண்டாம். குறை: சுருளின் ஓரம் காய்ந்தால் அங்கே நிறம் மாறும், சுழற்சி நின்றால் கரைசல் கீழே இறங்கிப் பட்டை விழும், உருளைத் துணியில் பிழியும் மடிப்புக் கோடு நிற்கும். சின்ன ஆர்டருக்கு இந்த இயந்திரத்தை எவரும் கழுவ மாட்டார்கள்.

இன்னொன்று, இழை உருவாகும் முன்பே கூழில் நிறமியைக் கலந்துவிடுவது. பாலியஸ்டருக்கும், தாவரக் கூழிலிருந்து இழுக்கும் விஸ்கோஸுக்கும் முடியும், பருத்திக்கு முடியாது. சாயத் தண்ணீரே இல்லை. ஆனால் ஒரு நிறத்துக்கு டன் கணக்கில் எடுக்க வேண்டும், அதனால் கறுப்பிலும் நீலத்திலும்தான் அதிகம் கிடைக்கும்.

புதுச்சட்டை | பிப்ரவரி 5, இரவு 9:45

அப்போ வெள்ளைச் சட்டை உத்தமம்?

சாயத்தொட்டி | பிப்ரவரி 5, இரவு 10:01

கோரா துணியை வெள்ளையாக்கக் காஸ்டிக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் போட்டு 95 டிகிரி வரை கொதிக்கவிட வேண்டும். பளிச்சென்று தெரிய ஆப்டிகல் பிரைட்னர் வேறு. சேமிப்பு என்றால் உப்பு மட்டும்தான்.

ஊசிப்பதிவு | பிப்ரவரி 7, மாலை 4:30

ரசாயனத்திலேயே நிற்கிறீர்கள். நான் ஆலைத் தணிக்கைப் பக்கத்திலிருந்து சேர்க்கிறேன்.

2012 செப்டம்பரில் கராச்சி அலி எண்டர்பிரைசஸ் ஆலை தீயில் 250-க்கும் மேல் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அந்த ஆலைக்குத் தொழிலாளர் நிலையைப் பார்க்கும் எஸ்ஏ8000 சான்று கிடைத்திருந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று பங்களாதேஷில் ஆடை ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து இறந்தவர்கள் 1,134 பேர். உள்ளே இருந்த ஆலைகளில் சில சமூகத் தணிக்கை கண்டவை. தணிக்கைப் பட்டியலில் கட்டடத்தின் தூண் தாங்குமா என்ற கேள்வியே கிடையாது. அதன் பிறகு வந்த பங்களாதேஷ் அக்கார்டில் புதுசு எதுவென்றால், தொழிற்சங்கத்தோடு போட்ட, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் என்பதும், கட்டடம், மின்சாரம், தீ மூன்றையும் பொறியாளர் பார்ப்பார் என்பதும். மற்றவை சொல்லிப் பார்க்கும் நன்னடத்தை விதிகள்.

ஓவர்டைம் மறைப்பதைக் கண்டுபிடிக்க வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பயனில்லை, அது தணிக்கைக்கென்றே எழுதியது. உடைந்த ஊசிப் பதிவேட்டை எடுக்க வேண்டும். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி, ஒரு தாளில் ஒட்டி, தேதி, நேரம், மெஷின் எண் எழுதி, அப்புறம்தான் புது ஊசி தருவார்கள். துணிக்குள் ஊசித் துண்டு தங்கிவிடக் கூடாதே என்று வாங்குபவர் கட்டாயப்படுத்திய பதிவு அது, அதனால் அதில் பொய் எழுதுவது அரிது. வருகைப் பதிவில் ஞாயிறு விடுமுறை, ஊசித் தாளில் ஞாயிறு இரவு 9 மணிக்கு மூன்று ஊசி ஒட்டியிருக்கும். அதோடு இடைநிலைத் தரச் சோதனை அறிக்கை, வாயில் காவலரின் வண்டிப் பதிவு, ஜெனரேட்டர் டீசல் கணக்கு. நான்கையும் ஒரே வாரத்துக்கு எடுத்து அடுக்கினால் போதும்.

புதுச்சட்டை | பிப்ரவரி 7, மாலை 6:10

இதைப் பொதுவெளியில் போட்டுவிட்டீர்களே, இனி ஊசித்தாளும் இரண்டு செட் வருமே?

ஊசிப்பதிவு | பிப்ரவரி 7, மாலை 6:25

ஏற்கெனவே வந்தாயிற்று, சில இடங்களில். ஆனால் இரண்டாவது செட்டுக்கு உடைந்த ஊசி வேண்டுமே. வேண்டுமென்றே ஊசியை உடைத்து ஒட்டினால் முறிவு எல்லாம் ஒரே இடத்தில், ஒரே சாய்வில் இருக்கும். துணியில் பட்டு உடைந்ததில் முனை மழுங்கியோ வளைந்தோ இருக்கும்.

ஊசிப்பதிவு | பிப்ரவரி 8, காலை 8:15

ஓவர்டைம் ஏன் வருகிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் முதலாளி மட்டும் வில்லனாகிவிடுவார்.

டி-சர்ட்டுக்கு எஸ்ஏஎம் (ஒரு உருப்படி தைக்க நிர்ணயித்த நேரம்) 8 நிமிடம் என்று வைப்போம். லைன் எஃபிஷியன்சி, அதாவது தையல் வரிசையின் வேலைத்திறன், 50% என்றால் உண்மையில் ஒரு உருப்படிக்கு 16 நிமிடக் கூலி. வாங்குபவர் விலை பேசும்போது 65% என்று பிடிப்பார்: 12 நிமிடம் சொச்சம். அந்த நாலு நிமிடத்துக்கு யார் கொடுப்பது? புது ஸ்டைல் லைனில் ஏறிய முதல் நாட்களில் எஃபிஷியன்சி 30%, அதாவது கிட்டத்தட்ட 27 நிமிடம். 3,000 உருப்படி ஒரே ஸ்டைலில் ஓடினால் இந்த நட்டம் கரைந்துவிடும். 300 வீதம் பத்து ஸ்டைல் என்றால் கை பழகும் முன் அடுத்தது வந்துவிடும். ‘சின்னத் தொகுதி, கவனமான உற்பத்தி’ என்று விளம்பரம் செய்யும் பிராண்டுகள் இந்தக் கணக்கைச் சேர்த்துக் கொடுக்கிறார்களா என்பதே என் முதல் கேள்வி.

அடுத்தது தேதி. சாயமிட்ட துணியின் நிறத்துக்கு வாங்குபவர் தரும் நிறச் சம்மதம் பத்து நாள் தாமதமாக வரும், கப்பல் தேதி அசையாது. தவறினால் விமானச் சரக்கு, அதுவும் ஆலை செலவில். நடுவில் போன பத்து நாளையும் தையல் லைன் இரவில் ஈடுகட்டும். பணம் 60, 90 நாள் கழித்து.

கூலியைத் தனியாகப் பிரித்து, ‘இத்தனை நிமிடம், நிமிடத்துக்கு இவ்வளவு’ என்று விலையிலிருந்து ஒதுக்கிவைத்துப் பேசும் பிராண்டுகளும் உண்டு. அங்கே பேரம் துணி விலையிலும் பட்டனிலும் நடக்கும், கூலியில் கைவைக்க முடியாது. எந்தச் சான்றிதழையும்விட அந்த ஒரு தாளுக்கு மதிப்பு அதிகம் என்பேன்.

சாயத்தொட்டி | பிப்ரவரி 8, காலை 10:40

நிறச் சம்மதம் பற்றி ஊசிப்பதிவு சொன்னதால் இது. டெல்டா-இ (நிற வித்தியாசத்தின் அளவு) 1 தாண்டினால் நிராகரிப்பு என்று வாங்குபவர் பிடிவாதமாக இருப்பார். 1.2 வந்த தொகுதியைப் பக்கத்தில் வைத்தால்தான் கண்ணுக்கு வித்தியாசம் தெரியும், தனியாகப் போட்டால் தெரியாது. ஆனாலும் சாயத்தை உரித்து மறுபடி ஏற்று என்பார்கள். அதாவது 5-ஆம் தேதி போட்ட 480 கிராம் உப்புக் கணக்கு இரண்டு மடங்கு, துணியின் வலுவும் குறையும். மேல் கீழ் செட்டாகப் போடும் உடைக்கு இறுக்கமான வரம்பு வேண்டும், ஒற்றை டி-சர்ட்டுக்கு எதற்கு?

முதல் தடவையிலேயே நிறம் சரியாக வருவதுதான் பட்டறையில் பெரிய சூழல் சேமிப்பு. அதைக் கெடுப்பவை சில்லறை விஷயங்கள்: கடின நீரில் கால்சியம், பெராக்சைடு மிச்சம் இருக்கும்போதே சாயம் போடுவது, சோடாவை ஒரே மூச்சில் கொட்டுவது. கடைசியது திட்டுத் திட்டாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

நெசவுக்காரி | பிப்ரவரி 9, பகல் 1:15

ஆர்கானிக் சான்றே போலியாக வந்தால்?

ஊசிப்பதிவு | பிப்ரவரி 9, பகல் 2:00

வந்திருக்கிறது. 2020-இல் இந்தியாவில் 20,000 டன் பருத்தி போலிச் சான்றோடு விற்றதை ஜிஓடிஎஸ் நிறுவனமே வெளியிட்டது. அங்கே விளையாடியது பரிவர்த்தனைச் சான்றில். ஸ்கோப் சான்று வேறு, பரிவர்த்தனைச் சான்று வேறு. முதலாவது ‘இந்த ஆலை ஆர்கானிக் செய்யத் தகுதியானது’ என்று ஓராண்டுக்குச் சொல்வது. இரண்டாவது ‘இந்தச் சரக்கு, இத்தனை கிலோ’ என்பது. பிராண்டுகள் வலைதளத்தில் காட்டுவது பெரும்பாலும் முதலாவதை. அது இருந்தும் உங்கள் சட்டை சாதாரணப் பஞ்சாக இருக்கலாம். கேட்க வேண்டியது இரண்டாவது. அதிலும் எடையைக் கூட்டிப் பாருங்கள், சான்றில் 2 டன் நூல் இருக்க, விற்ற துணி 3 டன் என்றால் விடை கிடைத்துவிட்டது.

சாயத்தொட்டி | பிப்ரவரி 11, காலை 9:30

‘உலகில் இரண்டாவது அதிகம் மாசுபடுத்தும் தொழில் ஆடை’ என்று வேறொரு இழையில் மறுபடி பார்த்தேன். அதற்கு மூல ஆய்வே இல்லை. பசுங்குடில் வாயுவில் இதன் பங்கு பற்றி 2% முதல் 10% வரை மதிப்பீடுகள் இருக்கின்றன, எதைச் சேர்த்து எதை விட்டார்கள் என்பதைப் பொறுத்து. ஒரு டி-சர்ட்டுக்கு 2,700 லிட்டர் என்பதும் உலகச் சராசரி. மழையில் விளைந்த பருத்தியும் கால்வாய்ப் பாசனப் பருத்தியும் அதில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. கேட்க வேண்டியது, எந்த நிலத்தடியிலிருந்து எடுத்த தண்ணீர் என்று.

மூங்கில் துணியும் அப்படித்தான். மூங்கில் கூழைக் காஸ்டிக்கிலும் கார்பன் டைசல்ஃபைடிலும் கரைத்து இழுத்த விஸ்கோஸ் அது. கார்பன் டைசல்ஃபைடு நரம்பைத் தாக்கும், பாதிப்பு இழை ஆலையில் வேலை செய்பவருக்கு. 2022-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் விஸ்கோஸ் வகை ரேயானை மூங்கில் என்று விற்றதற்காக வால்மார்ட்டிடமும் கோல்ஸிடமும் சேர்த்து 55 லட்சம் டாலர் வசூலித்தது. மரக்கூழ்தான் வேண்டும் என்றால் லையோசெல், அதில் கரைப்பானை 99%க்கு மேல் மீட்டு மறுபடி பயன்படுத்துகிறார்கள்.

நெசவுக்காரி | பிப்ரவரி 12, இரவு 7:20

துவைக்கும்போது உதிர்ந்து தண்ணீரோடு போகும் நுண் இழை பற்றி யாரும் சொல்லவில்லை. பாலியஸ்டரை ‘டெலிகேட்’ சுழற்சியில் துவைத்தால் உதிராது என்று நினைப்பவர்களுக்கு: அதில்தான் அதிகம் உதிரும். தண்ணீர் அளவு கூடுதல், அதுதான் இழையைப் பிய்க்கிறது. டிரம்மை நிரப்பி, குளிர்ந்த தண்ணீரில், குறுகிய சுழற்சி. முதல் சில துவைப்பில்தான் அதிகம் போகும். ஃபிளீஸ் மோசம், தொடர் இழையில் நெய்தது பரவாயில்லை.

புதுச்சட்டை | பிப்ரவரி 14, காலை 10:00

கடைசியாக ஒன்று. பழைய 100% பருத்தி டி-சர்ட் மறுசுழற்சிப் பெட்டியில் போட்டால் திரும்ப டி-சர்ட் ஆகுமா?

சாயத்தொட்டி | பிப்ரவரி 14, காலை 11:25

‘100% பருத்தி’ என்பது உடல் துணிக்கு. கழுத்து ரிப்பில் 5% லைக்ரா இருக்கும். தைத்த நூல் பாலியஸ்டர்: ஒரு டி-சர்ட்டுக்கு 100 மீட்டருக்கு மேல் நூல் போகும், ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினின் லூப்பர் நூல்தான் பெரும்பங்கு. டெக்ஸ் 27 நூல் (1,000 மீட்டர் 27 கிராம்) என்றால் ஏறக்குறைய 3 கிராம். நம்பாதவர்கள் தைத்து முடித்த கோரா டி-சர்ட்டைப் பருத்திச் சாயத்தில் முக்கிப் பாருங்கள், தையல் மட்டும் வெள்ளையாக நிற்கும்.

கிழிப்பு இயந்திரத்தின் முள் உருளையில் லைக்ரா அறுபடாமல் நீளும், சூடாகும், சுருண்டு சின்னச் சின்ன முடிச்சாகும். அந்த முடிச்சு நூலில் ஏறினால் பின்னல் ஊசி உடையும். பருத்தி நாரும் 28 மில்லிமீட்டரிலிருந்து பாதிக்கும் கீழே அறுந்துவிடும். அதனால் 20, 30% மட்டும் கலந்து, மிச்சம் புதுப் பஞ்சு போட்டு, ரோட்டார் ஸ்பின்னிங்கில் தடித்த நூலாக எடுக்கிறார்கள். ஆலைகளின் கட்டிங் வேஸ்ட் இதற்கு எவ்வளவோ மேல்: ஒரே நார், தையல் இல்லை, நிறம் பிரித்தே வரும். ‘மறுசுழற்சிப் பருத்தி’ என்று விற்பதில் இதுவே அதிகம், பழைய சட்டை அல்ல.

பெட்டியில் போட்டவற்றைக் கையால் பிரித்து, நல்லதை மறுவிற்பனைக்கும் மற்றதைத் துடைக்கும் துணிக்கும் அனுப்புவார்கள். நார்வகை பார்க்க அகச்சிவப்பு ஒளி அடிக்கும் இயந்திரமும் வந்திருக்கிறது. மேற்பரப்பை மட்டும் படிக்கும், இரண்டு மூன்று சதவீத லைக்ரா அதற்குத் தட்டுப்படாது.

இன்னொன்று. 5-ஆம் தேதி குறிப்பில் கூழிலேயே நிறமி கலந்த கறுப்புப் பாலியஸ்டரைத் தண்ணீர் இல்லாத சாயம் என்று எழுதினேன் இல்லையா. அந்தக் கறுப்பு பெரும்பாலும் கார்பன் பிளாக். அது அகச்சிவப்பை விழுங்கிவிடும். இயந்திரத்துக்கு அந்தச் சட்டை கண்ணிலேயே படாது.

புதுச்சட்டை | பிப்ரவரி 14, காலை 11:40

அப்போ எந்த நிறம்தான் வாங்குவது!

சாயத்தொட்டி | பிப்ரவரி 14, பகல் 12:10

கூழில் நிறமி கலந்த அடர் நீலம், கார்பன் சேர்க்காததாக இருந்தால் இயந்திரம் படிக்கும். சேர்த்திருக்கிறார்களா என்று லேபிளில் இருக்காது, இழை ஆலையின் தரவுத் தாளில் இருக்கும். அதை பிராண்டு கேட்டு வாங்க வேண்டும்.